கேட்டுப் பறித்த மருதாணி

பூந்தமல்லிக்கு நான் குடிபோன மறுநாளே அத்தையின் கைவரிசையைப் பார்த்துவிட்டேன். தெருக்கிணற்றடியில் நாலைந்து பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "கடைசி ஊட்டு மருமவ காலங்காத்தால மூட்டைய தூக்கிகினு போனா..." என்றாள். எல்லார் கையிலும் கயிறு அப்படியே நின்றுவிட்டது. "சரி, எனுக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் அந்த மருமகள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் நகைகளும் சேர்ந்து போயிருந்தன. குமணன்சாவடியில் அவளைப் பஸ்ஸில் பார்த்ததாக ஒருத்தி சத்தியமே செய்தாள். மறுநாள் அந்த மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அத்தையிடம் நியாயம் கேட்க வந்தாள்.

"நான் இன்னாடி சொன்னேன்? மூட்டைன்னேன். அழுக்கு மூட்டைய தொவைக்க எடுத்துகினு போனியா, இல்லியா?"

"போனேன்."

"அப்ப நான் சொன்னது மெய்தானே?"

பாவம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆனால் ஒன்று, அதற்கப்புறம் அந்த வீட்டில் மாமியார்தான் துணி துவைத்தாள். மருமகள் நிஜமாகவே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அத்தை இதை எதிர்பார்த்துத்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதிர்பார்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை என்றால் சொந்த அத்தை அல்ல. பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய வருஷம் அது. என் வீட்டுக்காரர் அச்சாபீஸ் வேலையை விட்டுவிட்டு வர முடியாதென்று பட்டணத்திலேயே தங்கிவிட்டு, என்னையும் கைக்குழந்தையையும் மட்டும் இங்கே ஓர் அறை வாடகைக்குப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். பாரிவாக்கம் போகிற பாதையில் இருந்த அந்த வீட்டுக்குச் சொந்தக்காரிதான் அத்தை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் புருஷன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நெடுநெடுவென்று உயரம். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை; புருஷன் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய கத்தரிக்கோலைச் செருகியிருப்பாள். கொல்லையில் இருந்த மல்லித்தோட்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது. விடிவதற்குள் பூப்பறித்து வண்டிக்கு ஏற்றிவிடுவாள். அப்புறம் அவளுக்கு நாள் பூராவும் ஊர்தான்.

என்னையும் அவள் விடவில்லை. நான் வந்து இரண்டு மாதம்வரை அந்தத் தெருவில் ஒருத்தியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. பட்டணத்துக்காரி, ஜம்பக்காரி என்று அவர்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள். நானும் சளைத்தவள் இல்லை. நீங்கள் பேசாவிட்டால் எனக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை திடீரென்று மூன்று பெண்கள் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒருத்தி கையில் முருங்கைக்கீரை. இன்னொருத்தி என் தோளைத் தடவி, "மனச தளர உடாதம்மா. ஆம்பளைங்கன்னா அப்டித்தான்" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விசாரித்தால், "அந்தப் பொண்ணு ஊட்டுக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை வராரு, ஆனா..." என்று அத்தை கிணற்றடியில் சொல்லி நிறுத்தியிருக்கிறாள்.

வந்த ஆத்திரத்தில் அவள் முன்னால் போய் நின்றேன். "ஆனா என்ன அத்தே? என்ன ஆனா?"

"ஆனா பெட்ரோலு இல்லாம கரி போட்டு ஓட்ற பஸ்ல வராரு, மூஞ்செல்லாம் கரின்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள கொடம் ரொம்பிடுச்சி" என்றாள் அத்தை. கண்ணில் ஒரு குறும்பு ஓடிற்று. "கோச்சிக்காத கண்ணு. ரெண்டு மாசமா ஒருத்தியாவது உன் வாசப்படிய மிதிச்சாளா? இப்ப மிதிச்சாளுங்க இல்ல?"

அன்றைக்கு முழுவதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் கீரை கொடுத்தவள் குழந்தைக்கு வசம்பு கொண்டுவந்தாள். அப்புறம் எனக்கு அந்தத் தெருவில் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என் வீட்டுக்காரரைத்தான் சனிக்கிழமைதோறும் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவருக்கு ஏனென்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

அத்தைக்கு ஒரே ஒருவனிடம்தான் பயம். பக்கத்துக் கொல்லைக்காரன், அவள் புருஷனின் தம்பி. இரண்டு கொல்லைக்கும் நடுவில் காய்ந்த முள்வேலி ஒன்று இருந்தது. கோடை வந்தால் அந்தக் கொழுந்தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வேலியைப் "பழுது பார்ப்பான்". ஒவ்வொரு பழுதுக்கும் வேலி ஒரு முழம் அத்தை பக்கமாக நடந்து வரும். ஆடு மாடு நடக்கிற மாதிரி அந்த ஊரில் வேலியும் நடந்தது. நான் குடிபோன வருஷம் அது நடந்து நடந்து, அத்தையின் தோட்டக் கிணற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் ஓரம்வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம் வந்தால் பாதை அவன் பக்கம். பாதை போனால் கிணறு போச்சு. கிணறு போனால் மல்லித்தோட்டம் போச்சு. என்னைப்போல் பட்டணத்திலிருந்து ஓடிவருகிறவர்களுக்கு அங்கே கீற்றுக்கொட்டகை போட்டு வாடகைக்கு விடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அந்த விதத்தில் நானும் அத்தைக்கு வந்த வினைதான்.

ஆடியில் முதல் மழை பெய்தவுடன் அத்தை முள்வேலியை ஒட்டித் தன் பக்கத்தில் மருதாணிக் குச்சிகளை இரண்டு வரிசையாக நட்டாள். முள்ளை நகர்த்தலாம், வேர்விட்ட செடியை நகர்த்த முடியாதல்லவா. நானும் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். கார்த்திகை மழையில் குச்சியெல்லாம் முழங்காலைத் தாண்டி நிமிர்ந்து நின்றது. எனக்கு ஏதோ நானே பெற்றெடுத்த மாதிரி பெருமை.

ஒருநாள் காலையில் பார்க்கிறேன், அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையை நோட்டம் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு சாண் உயரம் விட்டுவிட்டு மேலே இருந்ததையெல்லாம் நறுக் நறுக்கென்று வெட்டித் தள்ளினாள்.

"ஐயோ அத்தே! நான் ஊற்றின தண்ணியெல்லாம் போச்சே!"

"தண்ணி எங்கயும் போவல, வேர்ல கீது. ஒத்தக் குச்சியா மேல போனா பாக்கறதுக்கு அயகாத்தான் கீது. கீழ குனிஞ்சி பாரு. ஒரே ஓட்டை. ஓட்டைல மொதல்ல கோழி பூரும், அப்பால ஆடு பூரும், அப்பால..." என்று சொல்லிப் பக்கத்துக் கொல்லையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த கொழுந்தன் பெரிதாகச் சிரித்தான். "நட்டதும் நீயே, வெட்றதும் நீயே. எனுக்கு வேலையே வெக்க மாட்டேங்கிறியே அண்ணி!"

"வெக்கறேன், இரு" என்றாள் அத்தை.

வெட்டின ஒவ்வொரு குச்சியிலும் கணுவுக்குக் கணு இரண்டு துளிர் வந்தது. துளிர் ஒரு சாண் ஆனதும் அதையும் பாதியாக நறுக்கினாள். இரண்டு நாலாயிற்று. அடியில் அகலமாகவும் உச்சியில் ஒடுங்கியும் இருக்கும்படி ஓரங்களைச் சாய்வாக வெட்டினாள். அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் படுமாம். வேலி உயரவே இல்லை. ஆனால் பூமியிலிருந்தே தடித்துக்கொண்டு வந்தது. எனக்கு அதைப் பார்த்தபோதெல்லாம் அவள் கிணற்றடியில் பாதியில் விட்டுவிட்டு வருகிற பேச்சுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டுக்கும் ஒரே கை.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம் வந்தது. மருதாணி இருக்கிற இடம் தெரிந்தால் பெண்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பக்கத்தில் மருதாணி கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது, அதை விற்கவும் மாட்டார்கள். பெருநாளுக்கு முன்னால் சாயபுமார் தெருப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். அதற்கடுத்து வளைகாப்புக்காரர்கள். கொழுந்தன் வேறு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "நல்லா ஒடிச்சிக்கினு போங்கம்மா, பாவம் பாக்காதீங்க" என்று உற்சாகப்படுத்தினான். இளஞ்செடியை நாலு பேர் அடியோடு உருவினால் போதும், மொட்டையாகிப் பட்டுப்போகும் என்பது அவனுக்கும் தெரியும். ஒரு பெண் ஒரு செடியை நிஜமாகவே உருவிவிட்டாள்.

அத்தை யாரையும் திட்டவில்லை. மறுநாள் கிணற்றடியில் பெருமூச்சு விட்டாள். "சொந்தக்காரங்கள கேக்காம மருதாணி பறிச்சி வெச்சிகினா ஒருத்தி. பாவம், அவளுக்கு..." அவ்வளவுதான். குடம் நிரம்பிவிட்டது.

அந்த வாரத்துக்குள் ஊர் மீதியைச் சொல்லி முடித்தது. கேட்காமல் பறித்தால் கை சிவக்காது என்றாள் ஒருத்தி. சிவக்காதது மட்டுமா, புருஷன் மனசு வேறு பக்கம் திரும்பிவிடும் என்றாள் இன்னொருத்தி. சாயபுமார் தெருவிலோ, அப்படிப் பறித்த ஒரு வீட்டில் பெருநாளன்று பிரியாணி அடிபிடித்துப்போனதாகவே பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து யார் வந்தாலும் வாசலில் நின்று, "உங்க வேலில கொஞ்சம் மருதாணி பறிச்சிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மணியக்காரர் பெண்சாதியே கேட்டாள். அத்தை கத்தரிக்கோலோடு வந்து நுனிகளை மட்டும் வெட்டி மடியில் போட்டு அனுப்புவாள். அடியில் ஒரு இலையைத் தொட விடமாட்டாள். ஊர்ப் பெண்களின் கையெல்லாம் சிவக்கச் சிவக்க வேலி அடர்ந்தது.

கோடையில் வழக்கம்போல் கொழுந்தன் கடப்பாரையோடு பழுது பார்க்க வந்தான். முள்வேலியைப் பிடுங்கிவிட்டு இந்தப் பக்கம் கையை விட்டுப் பார்த்தான். கை நுழையவில்லை. குனிந்து கீழே பார்த்தான், அங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை. சிராய்த்த முழங்கையைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனான். அத்தை அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பாயசம் செரிப்பதற்குள் அவன் வேறு வழி கண்டுபிடித்துவிட்டான். மருதாணி வேலி நிற்கிற இடமே தன்னுடையதாம். அண்ணி ஆசைப்பட்டு நட்டாளே என்று அவன்தான் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்தானாம். இடம் அவனுடையதென்றால் வேலியும் அவனுடையது, அதை ஒட்டியிருக்கிற பாதையும் அவனுடையது. பத்திரத்தில் 'கிழக்கே வேலி' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அது எந்த வேலி என்று பத்திரத்துக்குத் தெரியாது. மணியக்காரரிடம் போய் முறையிட்டான். தை பிறந்து அவன் பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம் என்று அவர் சொல்லிவிட்டார். பெரியவர்களில் பாதிப் பேர் அவனுக்கு மாமன் மச்சான்.

அத்தை பயந்து நான் பார்த்தது அப்போதுதான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். "தோத்துட்டேன்னா தோட்டத்த உட்டுட்டு அண்ணன் ஊட்ல போயி குந்தணும். அண்ணன் பொண்டாட்டி போடற சோத்த துன்னுகினு வாய மூடிகினு கெடக்கணும்" என்றாள். அவளை வாயை மூடிக்கொண்டு கிடப்பவளாக என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கொழுந்தன் பெண்டாட்டி எங்கள் வாசலில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நல்லவள், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்.

"அக்கா, பொண்ணுக்கு மருதாணி வெக்கணும். பறிச்சிக்கட்டுமா?"

அத்தை அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். "தாராளமா பறிச்சிக்க. ஆனா உன் ஊட்டுக்காரர் வேலி தன்னுதுன்றாரே. அவருதுன்னா அவரை கேட்டுட்டு பறி. என்னுதுன்னா அவரே வந்து என்னை கேக்கட்டும். உனுக்காவ சொல்றேன், தப்பான ஆளை கேட்டுட்டு பறிச்சா..." என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளைப்போல் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பாதி மோரை வைத்துவிட்டு அந்த அம்மாள் ஓடினாள். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. சத்தம் மட்டும் வேலியைத் தாண்டிக் கேட்டது. "என் வேலி, நான் ஏண்டி கேக்கணும்?" என்று அவன் கத்தினான். "பொண்ணு கை வெளுத்துக் கெடந்தா மாப்ள ஊட்ல இன்னா நெனப்பாங்க?" என்று அவள் அழுதாள். வெயில் ஏறுவதற்குள் கல்யாண வீட்டுப் பெண்கள் கூட்டமாக எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மணியக்காரர் பெண்சாதியும் வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணும் வந்தாள். எல்லாருக்கும் பின்னால், தோளில் துண்டோடு கொழுந்தன்.

"வா கொழுந்தனாரே, குந்து" என்றாள் அத்தை.

"குந்தறதுக்கு நேரமில்ல. மருதாணி வோணும்."

"எங்க கீது?"

"இந்த வேலிலதான்."

"இது யார் வேலி?"

அவன் கூரையைப் பார்த்தான். மனைவி முழங்கையால் இடித்தாள். "சொல்லேன்யா, நாழியாவுது."

"ஒன்னுது."

"எனுக்கு காது கொஞ்சம் மந்தம்பா."

"ஒன் வேலிதான் அண்ணி! ஒன் வேலிலேந்து நான் மருதாணி பறிச்சிக்கட்டுமா?" பாரிவாக்கம்வரை கேட்டிருக்கும்.

அத்தை மணியக்காரர் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுகினியா?" என்றாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அன்றைக்குச் சாப்பாட்டு இலையில் உட்காருவதற்குள் மணியக்காரர் காதுக்கு இது போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். கொழுந்தனுக்கும் தெரியும். முகம் கறுத்துவிட்டது. போகிறவன் சும்மா போயிருக்கலாம்.

"தாலி அறுத்துட்டு குந்திகினு கீறவளுக்கு மருதாணி வேலி ஒரு கேடா?" என்றான்.

எந்த நேரத்துக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற அத்தையிடம் அப்போது ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள்.

அப்போது கல்யாணப் பெண் பேசினாள். அதுவரை தலை குனிந்து நின்றவள். "பெரிம்மாவே அரைக்கட்டும். அவங்க கையாலயே எனுக்கு வெக்கட்டும்."

"அடிப்பாவி, அது ஆவுமாடி?" என்று அவள் தாய் பதறினாள். புருஷனை இழந்தவள் கல்யாணப் பெண்ணைத் தொட்டு அலங்காரம் செய்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

"வேலிக்கு சொந்தக்காரங்க கையால வெக்கலன்னா..." என்று பெண் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

தாய் முகம் வெளிறிப்போயிற்று. "வெக்கலன்னா? வெக்கலன்னா இன்னாடி?" பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஆமாம், நான்கூட கேள்விப்பட்டேன்" என்றாள். இன்னொருத்தி, "எங்க சித்தி ஊட்ல அப்டித்தான்..." என்று ஆரம்பித்தாள். கொழுந்தன் பெண்டாட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க புண்ணியமா போவும், நீங்களே வெச்சி உடுங்க" என்று கெஞ்சினாள். அத்தை அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள்.

வேலியின் தலையை நான்தான் வெட்டினேன். அத்தை அம்மியின் முன்னால் உட்கார்ந்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து மைபோல அரைத்தாள். சாயங்காலம் பெண்ணின் கையை மடியில் வைத்துக்கொண்டு நடு உள்ளங்கையில் வட்டமாக ஒன்று, சுற்றிலும் பொட்டுப் பொட்டாக, விரல் நுனிகளுக்குத் தொப்பி என்று நிதானமாக வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் வைத்தாள்.

மறுநாள் கல்யாண வீட்டில் பெண்ணின் கை அப்படிச் சிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தை வழக்கப்படி பந்தலின் கடைசியில், தூணை ஒட்டி, என் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கமாக வந்த பெண்கள் எல்லாரும் அவள் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். விரலெல்லாம் இரண்டாம் கணுவரை நல்ல செக்கச் சிவப்பு. அரைத்தால் ஒட்டத்தானே செய்யும், யார் என்ன சொல்ல முடியும்? அவளும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் வேலிப் பஞ்சாயத்துக்கு யாரும் உட்காரவில்லை. அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு முடிந்து நாங்கள் கிணற்றுப் பாதை வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். வேலி இடுப்பளவுக்குத்தான் இருந்தது. வழியில் கேட்டேன்: "கிளுவை நட்டிருந்தா இன்னும் சீக்கிரமா வேலி கட்டியிருக்குமே அத்தே, எதுக்கு மருதாணி?"

அத்தை நின்றாள். வெயிலில் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

"கன்னாலம் கட்டிகினு வந்தப்ப வெச்சது. அப்பறம் ஒரே ஒருவாட்டி வெச்சிக்கணும்னு எனுக்கு அம்மாம் ஆசை. அதுக்குத்தான் நட்டேன்" என்றாள். "பாதை கொசுறு."